வந்த கோலம்

என் வாய் பொல்லாத வாய். நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லிக் கேட்க வேண்டாம். துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், படியிறங்கியதும் பட்டாசு என்பார்கள். ஒரு துப்பாக்கி தேறாது என்றால் தேறாது என்று சொல்லிவிடுவேன். எங்கள் தாத்தா இதை வைத்துக் கரடியைச் சுட்டார் என்று யாராவது ஆரம்பித்தால், அந்தக் கரடிக்குக் கண் தெரியாமல் இருந்திருக்கும் என்பேன். பூசி மெழுகுகிற வேலை எனக்கு வராது. என்னைக் கண்டால் ஆகாதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துப்பாக்கி வந்தாலும், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன், அது எந்த நிலையில் வந்தது என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அந்தப் பக்கத்துக்கு 'வந்த கோலம்' என்று தலைப்பு. குழலில் துரு, கட்டையில் விரிசல், எல்லாம் எழுதியாக வேண்டும். அதோடு ஒரு தட்டு. தோட்டா இல்லாத துப்பாக்கியின் பின்னால் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் போல்ட்டை இழுத்து மூடி, அடிக்கட்டையைத் தரையில் கிடக்கும் மரப்பலகை மேல் ஓங்கித் தட்ட வேண்டும். விசையைத் தொடாமலே உள்ளே 'டக்' என்று, தோட்டாவை அடிக்கும் ஊசி விழுந்தால் அது ஆளைக் கொல்லும் துப்பாக்கி. சுவரில் சாய்த்து வைத்தது சறுக்கினால் போதும், தானாகவே வெடிக்கும்.

அப்படித்தான் வெடித்தது என்று என் அண்ணன் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஒரு நாளும் நம்பவில்லை.

அண்ணன் ஒரு மர டிப்போவில் காவலாளி. அப்பாவின் ரைஃபிளைத்தான் காவலுக்கு எடுத்துப் போவான். என் வீட்டுக்காரர் அதே டிப்போவில் லாரி ஓட்டினார். அன்று மத்தியானம் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. காவல் நேரத்தில் தூங்கி வழிகிறான் என்று இவர் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் காவல் அறையில் வெடிச்சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் வாசற்படியில் கிடந்தார். அண்ணன் ஒரு டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். தோட்டாவை உள்ளே போட்டு வைத்தது என் தப்புதான், ஆனால் என் விரல் அதில் படவே இல்லை, சுவரில் சாய்த்தேன், சிமெண்டுத் தரையில் சறுக்கிவிட்டது என்றான். மத்தியானம் சண்டை, சாயங்காலம் சறுக்கல். யாருக்குக் காது குத்துகிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

கோர்ட்டில் துப்பாக்கியைச் சோதித்தவர் விசையை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். யாரும் தரையில் தட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஊரில் அவரை விட்டால் துப்பாக்கி தெரிந்த ஆள் கிடையாது. இது என் துப்பாக்கி, என் கையால் பராமரித்தது, விசையை இழுக்காமல் இது வெடிக்காது என்று அப்பா சத்தியம் பண்ணிச் சொன்னார். பெற்ற அப்பனே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? அண்ணன் ஐந்து வருஷம் உள்ளே இருந்தான். நான் அவனைத் தலைமுழுகிவிட்டு, ஆறு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தேன். தொழிலைக் கோபத்தில்தான் கற்றுக்கொண்டேன். கோபத்தில் கற்றது மறக்காது போலிருக்கிறது.

அண்ணன் வெளியே வந்த பிறகு அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் தெருவில் வந்தால் கடைக்குள் போய்விடுவார். மருமகனைக் கொன்றவன் என்ற ஆத்திரம் என்று நான் நினைத்தேன். அப்பா போய் எட்டு வருஷமாகிறது. அதற்குக்கூட அண்ணன் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனான். நான்தான் உள்ளே விடவில்லை.

போன மாதம் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. பழைய வழக்குப் பொருட்களைக் காலி செய்கிறார்கள், ரைஃபிளை எடுத்துக்கொள்ளாவிட்டால் உடைத்துவிடுவார்கள், உரிமம் உள்ளவர் என்பதால் என்னிடம்தான் ஒப்படைக்க முடியும் என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை போனேன். சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் வழக்கு எண். போல்ட் துருவேறி அசையவில்லை. குழல் முனையில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. "இதை வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க? எடைக்குத்தான் போடணும்" என்றார் எழுத்தர். உங்களுக்குப் போடத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. துருவை எல்லாம் எடுத்து, அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்கி, அண்ணனை எதிரில் நிற்க வைத்து, அவன் கண் முன்னால் பலகையில் நூறு தட்டு தட்டிக் காட்டப் போகிறேன். ஒரு தடவைகூட ஊசி விழாது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. சறுக்குன துப்பாக்கி வந்திருக்கு. எப்படி சறுக்குதுன்னு காட்டறேன்."

அண்ணி போனை வைத்துவிட்டாள். புதன்கிழமை நேரில் வந்து நின்றாள். ரைஃபிள் துண்டு துண்டாக மண்ணெண்ணெய்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. அண்ணி அதை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குளிப்பாட்டிட்டியா?"

"ஊறப் போட்டிருக்கேன்."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கத்தாதே. கேட்டுட்டு அப்புறம் கத்து."

"சொல்லுங்க."

"அவர் முன்ன மாதிரி இல்ல. ஜெயில்லேர்ந்து வந்தப்பகூட, நான் தொடலை, நான் தொடலைன்னு அடிச்சுச் சொன்னார். இப்ப ரெண்டு மூணு வருஷமா வலது கையை மடியில வச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கார். 'எல்லாரும் அப்படிச் சொல்றாங்களே, ஒருவேளை தொட்டேனோ'ங்கறார். சோறு பிசைஞ்சுட்டே நிறுத்திடறார். நீ கூப்பிட்டதுலேர்ந்து, தங்கச்சி பாப்பா பாத்துச் சொல்லிடுவா, அவ சொன்னா சரியா இருக்கும்னு சட்டையைத் தேய்ச்சு வச்சுட்டு உக்காந்திருக்கார்."

"நல்லதாப் போச்சு. சொல்றேன்."

"துப்பாக்கி எப்படி இருந்தாலும் இருக்கட்டும். அதுலதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

நான் கையிலிருந்த கம்பி பிரஷைக் கீழே வைத்தேன். "என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா? என் புருஷனைக் கொன்னவனுக்கு நானே சர்டிபிகேட் குடுக்கணுமா?"

"நீ சொன்னாதான் நம்புவார். நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

"அதனாலதான் சொல்ல மாட்டேன். எந்திரிங்க."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வேலை நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. வியாழக்கிழமை போல்ட் அசைந்தது. பஞ்சுபோன்ற எஃகு நாரை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கத் தேய்க்க, குழலின் கருநீலம் மேலே வந்தது. உள்ளே, தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிகள் மழுங்கவில்லை. கட்டையில் வழக்கு எண்ணைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் ஊற வைத்தேன். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினேன். இரும்பு உயிர் பெற்று வரும்போது எனக்குச் சுற்றிலும் எதுவும் தெரியாது. யார் துப்பாக்கி, யாரைக் கொன்றது என்பதெல்லாம் மறந்துவிடும். கை மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை விசைப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஊசியைப் பின்னால் இழுத்துப் பிடித்து நிறுத்துவது அதுதான். விசையை இழுத்தால் கொக்கி விலகும், ஊசி பாயும். கொக்கியின் முனை சதுரமாக இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் பிடிப்பு நிற்காது, ஒரு அதிர்ச்சி போதும்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு ஊரில் வெண்ணெய் விரல் என்று பெயர். அவர் கைபட்ட துப்பாக்கியின் விசை வெண்ணெயில் விரல் இறங்குவது மாதிரி இறங்கும் என்பார்கள். வேட்டைக்காரர்கள் அதற்காகவே வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அதன் ரகசியம் வேறொன்றுமில்லை, கொக்கியின் முனையில் அரம் போட்டு லேசாகச் சரித்துவிடுவார். சின்ன வயசில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த கட்டைவிரல் அவருக்கு, அதனால் அரம் எப்போதும் இடது பக்கம் சாய்ந்து விழும். புதிதில் ஒன்றும் தெரியாது. நாலைந்து வருஷம் தேய்ந்த பிறகு அந்தத் துப்பாக்கிகள் பலகையில் தட்டினால் 'டக்' என்று விழும். அவர் கை ஓய்ந்து நான் கடையைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து, அவர் சரித்த கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சதுரமாக்கி, தேய்ந்த அளவுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் மட்டும் எழுத மாட்டேன். 'சுத்தம் செய்தது' என்று எழுதி முடித்துவிடுவேன். அப்பா பேர் கெடக் கூடாது, கடை பேர் கெடக் கூடாது. பூசி மெழுகத் தெரியாது என்று மேலே சொன்னேனே, அதில் இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுத் துப்பாக்கியில் மட்டும் அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நம்பினேன். சத்தியம் பண்ணியிருந்தாரே.

கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முனை இடது பக்கம் சரிந்திருந்தது. குறுக்கே நாலைந்து அரக்கீறல். அப்பா கை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். இந்த மனுஷன் எதைத்தான் விட்டு வைத்தார் என்று முணுமுணுத்துக்கொண்டே சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு, தேய்த்து, சதுரமாக்கி, தகடு வைத்து, மாட்டி, மூடி, திருகையும் முடுக்கினேன். எத்தனையோ துப்பாக்கிக்குச் செய்த வேலை. நோட்டில் 'சுத்தம் செய்தது' என்று எழுதினேன்.

சாயங்காலம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைத் தேய்க்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. எந்தத் துப்பாக்கியின் கொக்கியைத் தேய்த்தேன் என்று உறைத்தது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் மகனை உள்ளே அனுப்பினார். ஊரெல்லாம் இருந்த வெண்ணெய் விரல் துப்பாக்கிகளுக்காக, கடைக்காக. தெருவில் மகன் வந்தால் உள்ளே ஓடியது ஆத்திரத்தில் இல்லை.

பத்தொன்பது வருஷம் சாக்குக்குள் பத்திரமாக இருந்த ஒரே சாட்சியை நான் கால் மணி நேரத்தில் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். வந்ததும் துருவை மட்டும் இளக்கி, போல்ட்டை அசைத்து, முதலில் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் என் கடைச் சட்டம். ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொல்கிற சட்டம். அண்ணன் பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டவளுக்கு எதற்குச் சோதனை?

சனிக்கிழமை முழுக்க அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப அரம் போட்டுச் சரித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்த இரும்பு எடுத்ததுதான், இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் கொக்கி எதையுமே பிடிக்காது. வேறு துப்பாக்கியில் அப்பா கீறலைக் காட்டலாமா என்று பார்த்தால், ஒன்று பாக்கி இல்லாமல் நானே திருத்தியாகிவிட்டது. வாயால் சொல்வது ஒன்றுதான் வழி. சொன்னால் நம்புவான், நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அப்படி நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அண்ணனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை வருஷம். தேய்த்த சட்டை, கழுத்தில் தொளதொளத்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான், கடைக்குள் யாரும் கழற்ற வேண்டியதில்லை என்று தெரிந்தும். மேஜை மேல் ரைஃபிளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"புதுசா ஆக்கிட்டியே பாப்பா."

ஐம்பது வயசாகிறது எனக்கு. பாப்பா என்று கூப்பிட இப்போது அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும், உக்காரு" என்றேன்.

"முதல்ல தட்டிப் பாத்துடலாம். பேச்சு அப்புறம். என்னால உக்காந்திருக்க முடியாது."

பிடுங்கியிருக்க வேண்டும். ஊரையே வாயடைக்கிற எனக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு எழவில்லை. அண்ணன் அதைப் பழகிய கையால் எடுத்தான். காலியா என்று திறந்து பார்த்தான், விரலை விட்டும் பார்த்தான். போல்ட்டை இழுத்து மூடினான். விசைப் பக்கமே கை போகாமல் குழலைப் பிடித்துக்கொண்டு அடிக்கட்டையைப் பலகையில் தட்டினான். சத்தமில்லை. ஓங்கித் தட்டினான். பக்கவாட்டில் சறுக்க விட்டான், அன்றைக்குச் சறுக்கின மாதிரி. பிறகு பலகையை விட்டுச் சிமெண்டுத் தரையிலேயே தட்ட ஆரம்பித்தான். நான் போய்க் கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டினான்.

"அப்ப நான்தான்" என்றான்.

"நீ இல்லை. நான் சொல்றதைக் கேளு. கொக்கி சரிஞ்சிருந்தது. அப்பா அரம் போட்டிருந்தார். நான்தான் கவனிக்காம தேய்ச்சுச் சரி பண்ணிட்டேன். முந்தாநாள் வரைக்கும் இதைத் தட்டியிருந்தா விழுந்திருக்கும். நீ சொன்னது நிஜம் அண்ணா. உன் விரல் படலை."

எல்லாவற்றையும் கொட்டினேன். வெண்ணெய் விரல் ரகசியம், கோணல் கட்டைவிரல், இத்தனை வருஷமாக நான் மறைத்தது, அப்பா பொய்ச் சத்தியம் பண்ணியது. அழுதேன் என்று நினைக்கிறேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

"நோட்டைக் காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தான். குழலில் துரு. போல்ட் இறுக்கம். கட்டையில் பெயிண்ட். சுத்தம் செய்தது. முந்தின பக்கங்களையும் திருப்பிப் பார்த்தான்.

"கொக்கின்னு எங்கயும் ஒரு எழுத்து இல்லையே."

"நான்தான் சொல்றேனே. அப்பா பேர் கெடக் கூடாதுன்னு எழுத மாட்டேன்."

அண்ணன் நோட்டை மூடி வைத்தான். "அப்பாவை இழுக்காதே பாப்பா. அந்த மனுஷன் என்னை விட்டுக் குடுக்க முடியாம, பொய்யும் சொல்ல முடியாம கோர்ட்டுல நடுங்கிட்டு நின்னதை நான் பாத்தேன். புதன்கிழமை இவ இங்க வந்து உன்கிட்ட அழுததும் தெரியும். வேணாம்னு சொல்லித்தான் பாத்தேன், கேக்கலை."

"அதுக்காகச் சொல்லலை. நிஜமாத்தான் சொல்றேன்."

"நீ பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதுதான் முதல் தடவை." என் தலையில் கை வைத்தான். "பரவாயில்லை. எனக்காக ஒரு பொய் சொல்லணும்னு உனக்குத் தோணிச்சே, அது போதும். அவரை நான்தான் கொன்னேன். இனிமே குழப்பமில்லை."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். நான் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீங்களாவது சொல்லுங்கள், நான் சொன்னது நிஜம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணி என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் கேட்டதுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்தியே. நல்லாத்தான் சொன்னே. நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பின்னால் போனாள்.